கேத்தி என்னும் மலையூர்

நம் கொங்கு நாட்டின் வடபால் நீலநிறம் பூண்டு நிற்கும் மலைத்தொடரைக் கோவை நகரத்தார் நாள்தோறும் காண்கின்றனர். அம்மலையின்மேல், குன்னூருக்கும் உதகமண்டலத்திற்கும் இடையே, கிண்ணம்போற் குழிந்து கிடக்கும் பள்ளத்தாக்கு ஒன்றுண்டு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 6,500 அடி உயரத்திலும் அதற்கு மேலும் அமைந்த அதன் சரிவுகளில், படிப்படியாக வெட்டப்பட்ட தோட்டங்களும் அவற்றிடையே வரிசை வரிசையாக நிற்கும் வீடுகளும் காண்பார் கண்ணைக் கவர்வன. அப்பள்ளத்தாக்கிற்கும், அதிலுள்ள பழைய ஊருக்கும் கேத்தி என்பது பெயர். இன்று அது குன்னூர் வட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூராட்சி.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பலரும் 'தென்னாட்டுச் சுவிட்சர்லாந்து' என்று தொடங்கி அத்துடன் முடித்து விடுகின்றனர். 'உலகிலேயே இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு' என்று அளந்து பாராமல் எழுதுவாரும் உளர். இமயத்தின் மடியிலுள்ள காஷ்மீரப் பள்ளத்தாக்கு ஒன்றை எண்ணிப் பார்த்தாலே இக்கூற்று நில்லாமற் போகும். இரவல் நகையால் அழகு கூடுவதில்லை. உள்ள அழகும் மறைந்துபோதல் உண்டு. ஆதலின் இவ்வூருக்குச் சூட்டப்பட்ட அயற்பெயர் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதையும், அப்பெயரை விலக்கி நோக்கின் ஊரின் சொந்த வரலாறாக எஞ்சுவது யாது என்பதையும் ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஒப்புமை ஆராய்ச்சி

கேத்தி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்சு மலையூர்களோ 46 பாகையை ஒட்டியவை. அங்கே குளிர்காலத்தில் வெண்பனி பெய்து பாதைகளை மூடும். மாடுகள் திங்கட் கணக்கில் தொழுவத்திலேயே அடைந்து கிடக்கும். கேத்தியில் வெண்பனி பெய்வதில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவில் உறைபனி படிந்து, புல் நுனியை வெளுக்கச் செய்து, தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்குவதுண்டு. கதிரவன் ஏறியதும் அது மறைந்து விடும். ஆல்ப்சு மலையூரின் ஆண்டைப் பகுப்பது பனி. கேத்தியின் ஆண்டைப் பகுப்பன தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவ மழைகள்.

பாறையின் அகவையை நோக்கினால் இவ்வொப்புமை நகைப்பிற்கும் இடமாகும். நீலகிரியின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை என்று நிலநூலார் கூறுவர். ஆல்ப்சு மலைகள் மடிந்து உயர்ந்து நின்றதோ கடந்த சில கோடி ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த செய்தி. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. நாமோ இங்கே முறையை மாற்றிப் பேரன் பெயரைப் பாட்டனுக்குச் சூட்டியிருக்கின்றோம்.

ஆயின் சுவிட்சர்லாந்திற்கும் கேத்திக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிடல் ஆகாது. தோற்றத்தால் அன்றி மனிதரால் ஏற்பட்ட தொடர்புகள் மூன்று உள. அவற்றை உரிய இடத்திற் காண்போம். அதற்கு முன் ஊருக்குரியவர் யாவர் என்பதை அறிதல் வேண்டும்.

குடிகளும் பெயரும்

கேத்திப் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையர் படகர். இப்பெயர் 'வடக்கிலிருந்து வந்தவர்' என்று பொருள்படும். தமிழில் மொழிமுதல் வகரமாக நிற்பது கன்னடத்திலும் படகு மொழியிலும் மெலிந்த பகரமாகத் திரிதல் மொழிநூலார் கண்ட உண்மை. நம்முடைய வில் அங்கே பில்லு. வேர் அங்கே பேரு. அவ்வாறே வடகு அங்கே படகு. ஆகவே 'வடகர்' என்று நாம் கூறத்தக்கவரே 'படகர்' ஆயினர். கடலிற் செல்லும் படகிற்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அவர்தம் ஊர்களுக்கு 'ஹட்டி' என்று பெயர். தமிழ்ச் சொல்லின் முதலிலுள்ள வல்லோசைப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் 'ஹாலு' என்றும், பல் 'ஹல்லு' என்றும், புலி 'ஹுலி' என்றும் வழங்கும். அம்முறையே நோக்கின் ஹட்டி என்பது நம் பட்டியே. மாடுகளை அடைக்கும் இடத்திற்கும் சிற்றூருக்கும் பட்டி என்னும் ஒரே சொல்லை வழங்குதல் கொங்கு நாட்டார் நன்கறிந்தது. நம் பொங்கலூர்ப் பக்கத்துப் பட்டியும் கேத்திப் பக்கத்து ஹட்டியும் ஒரு தாய் வயிற்று மக்கள். மலையேறிய பிறகும் சொல் தன் உறவை மறக்கவில்லை.

படகர்களின் முன்னோர் மைசூர்ச் சீமையின் தென்பகுதியிலிருந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. இதனை மறுத்துத் தாம் தொன்றுதொட்டே மலைவாழ்நர் என்பாரும் அவருள் உளர். எவ்வாறாயினும், 1603-ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டையிலிருந்து இம்மலைமேல் ஏறிய பெனிசியோ என்னும் இயேசு சபைக் குருவானவர், படகர்களையும் தோடர்களையும் நேரிற் கண்டு எழுதி வைத்துள்ளார். மலையில் மறைந்து வாழும் பழைய கிறித்தவர் எவரேனும் உளரோ என்று தேடி அனுப்பப்பட்டவர் அவர். தேடிய கிறித்தவரை அவர் காணவில்லை. ஆனால் நீலகிரி மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் கண்டெழுதிய முதற் குறிப்பு அவரால் நமக்குக் கிடைத்தது.

படகர் தனித்து வாழ்ந்தவரல்லர். தோடர் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து கொடுத்ததோடு, சாவிலும் விழாவிலும் இசை முழக்கினர். குறும்பர் காட்டுப் பொருள்களைக் கொணர்ந்தனர். படகர் சாமையும் கேழ்வரகும் விளைவித்து அவ்வனைவர்க்கும் தானியம் ஈந்தனர். காசு புழங்காமலே நால்வகைக் குடிகள் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டு வாழ்ந்த ஒழுங்கு அது. கோத்தர்க்குரிய ஏழூர்களுள் ஒன்றாகிய கொல்லிமலை இக்கேத்தியின் அருகிலேயே உள்ளது. எமெனோ என்னும் பேராசிரியர் 1930-களில் இம்மலைக்கு வந்து கோத்த மொழியைக் கற்று, அம்மொழிக் கதைகளைத் தொகுத்து 1944 முதல் 1946 வரை வெளியிட்டார். பின்னர் பரோ என்பாருடன் சேர்ந்து அவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, தமிழ் பயில்வார் எவரும் இன்று புறக்கணிக்க இயலாத நூலாகும். எழுத்தில்லா மலைமொழிகள் ஏடுகள் நிறைந்த தமிழின் வரலாற்றிற்கு விளக்காய் நின்றமை நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

கொங்கு நாட்டுத் தொடர்பு

நீலகிரியைப் பெயர் கூறிக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று 1117-ஆம் ஆண்டினது. ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாக அது கூறும். ஒய்சளரின் தண்டநாயகர் பவானியாற்றங்கரையில் கட்டிய தண்டநாயக்கன்கோட்டை, 1955-இல் நிறைவெய்திய பவானிசாகர் அணையின் நீரில் மூழ்கியுள்ளது. நீர் வற்றுங்காலத்தில் அதன் பகுதிகள் வெளிப்படும். மலைமேல் ஆணை செலுத்த விரும்பியவர் அனைவரும் கொங்குச் சமவெளியில் கால் ஊன்றியே ஏறினர் என்பதற்கு அக்கோட்டை சான்றாகும்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் கோயமுத்தூர்ச் சீமையும் இம்மலையும் கும்பினியார் வசமாயின. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு துணை அலுவலர்கள் கோயமுத்தூரினின்று மலையேறினர். அடுத்த ஆண்டில் அந்நாளைக் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் தாமே ஏறிச் சென்று, கோத்தகிரிக்கு அண்மையில் வீடு கட்டினார். பின்னர் உதகையை நகராக்கினார். 1868-இல் தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்படும் வரை நீலகிரியின் வரலாறு பெரும்பாலும் கோயமுத்தூர் மாவட்டத்தின் வரலாறாகவே இருந்தது. ஆகவே கேத்தியைப் பற்றி அறிதல் நமக்கு அயலூர்ச் செய்தியன்று.

அரசாங்கப் பண்ணை

சென்னைக் கவர்னராயிருந்த லஷிங்டன் நீலகிரியின் குளிரைக் கண்டு பெருநம்பிக்கை கொண்டார். ஐரோப்பாவின் தானியமும் கனியும் கறியும் இம்மலையில் விளையும் என்று எண்ணி, 1830-ஆம் ஆண்டளவில் கேத்தியில் அரசாங்கச் சோதனைப் பண்ணை ஒன்றை அமைத்தார். மேஜர் குரூ என்பவர் அதனைக் கண்காணித்தார். மேலிடத்தார் அதனைப் பயனற்ற செலவெனக் கருதினர். 1836-இல் பண்ணை மூடப்பட்டது.

மூடப்படுமுன் அங்கு ஒரு வித்து விழுந்திருந்தது. 1835-இல் கல்கத்தாவினின்று வந்த தேயிலைக் கன்றுகளுட் சில கேத்தியில் நடப்பட்டன. பண்ணை கைவிடப்பட்ட பின் அந்நிலமும் கட்டடமும் புதுச்சேரிப் பிரெஞ்சுக் கவர்னரின் தங்குமிடமாக விடப்பட்டன. அப்போது அங்கு வந்த பெரோத்தே என்னும் தாவர நூலறிஞர், களைகளிடையே கவனிப்பாரற்றுக் கிடந்த அக்கன்றுகளைக் கண்டு பேணினார். அவை இம்மலையில் நன்கு வளரும் என்பதை உலகிற்கு அறிவித்தார். பிரெஞ்சு அரசாங்கத்தின் ஊழியராயினும் அவர் பிறந்தது சுவிட்சர்லாந்தில். இதுவே நாம் முன்னர்க் குறித்த மூன்று தொடர்புகளுள் முதலாவது.

பெரோத்தே பேணிய செடியின் இனமே இன்று கேத்திச் சரிவுகளிற் பெரும்பகுதியை மூடியுள்ளது. எனினும் அது உடனே நிகழவில்லை. படகர் முதலில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் காரட்டும் பயிரிட்டுச் செல்வம் ஈட்டினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சிறு விளைநிலங்கள் பலவும் தேயிலைத் தோட்டமாயின. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை வீழ்ந்தபோது, ஒரு பயிரையே நம்பிய குடும்பங்கள் பெரிதும் இடருற்றன. சாமையும் கேழ்வரகும் விளைந்த காலத்தில் ஊரார்க்குச் செல்வம் குறைவு. ஆயினும் உண்ணும் உணவிற்கு அயலூர்ச் சந்தையின் விலையை எதிர்நோக்கி இருந்தாரல்லர். வளமையோடு சார்பும் வந்தது என்பதே கேத்தி நிலம் கூறும் பாடம்.

பாசல் மிஷன்

பிரெஞ்சுக் கவர்னருக்குப் பின், சென்னைக் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு கேத்தி மாளிகையைப் புதுக்கி அழகு செய்தார். அவருக்குப் பின் அது காசாமேஜர் என்னும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சென்னை அரசாங்கத்தில் உயர்பணி ஆற்றி ஓய்ந்தவர் அவர். மலையழகை நுகர்ந்து காலங்கழிக்க வந்த பிறரைப் போலன்றி, முதுமையிற் கன்னடம் கற்கத் தொடங்கினார். படகச் சிறுவர்க்குப் பள்ளி வைத்தார். பாசல் மிஷன் போதகரை அழைத்தார். 1849-இல் அவர் இறந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியை அந்த மிஷனுக்கே எழுதி வைத்திருந்தார்.

பாசல் என்பது சுவிட்சர்லாந்து நகரம். அங்கு 1815-இல் அம்மிஷன் நிறுவப்பெற்றது. போதகருட் பலர் செர்மானியரேனும், சங்கத்தின் வீடு ஆல்ப்சு நாட்டில் இருந்தது. இது இரண்டாம் தொடர்பு. 1846-ஆம் ஆண்டையொட்டி வைகிள் என்னும் போதகர் கேத்தியில் தங்கிப் பணி தொடங்கினார். பின்வந்த மெட்ஸ் என்பவர் ஊர் ஊராக நடந்து சென்று, மக்கள் மொழியிலேயே அவர்களுடன் உரையாடி, நீலகிரிக் குடிகளைப் பற்றித் தனி நூல் ஒன்றும் எழுதினார்.

இங்கு நாம் நடுநிலை தவறாது நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பள்ளிகள் திறக்கப்பட்டன, நோயாளர்க்கு மருந்து கொடுக்கப்பட்டது, ஆயினும் முதற் படகர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்று ஆபிரகாம் என்னும் பெயர் பூண்டது 1858-இலேயே. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் விதைப்பும் காத்திருப்புமாகக் கழிந்தன. அந்நாளில் திருமுழுக்குப் பெற்றவர் தம் ஹட்டியின் உண்பது கலப்பதாகிய உறவனைத்தையும் இழக்க நேர்ந்தது. எல்லா வீடுகளும் ஒரே வரிசையில் ஒரே சுவரால் இணைந்து நிற்கும் ஊரில், ஒருவன் ஒதுக்கப்படுதல் எத்துணைக் கொடிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிறித்தவராகிய நாம் அவர்தம் உறுதியைப் போற்றுகின்றோம். போற்றும்போதே, தம் ஒற்றுமை குலையுமோ என்று அஞ்சிய ஊராரின் உள்ளத்தையும் உணர்தல் நம் கடமை. ஊரொற்றுமையே அவர்க்கு அரணாக இருந்தது. அரணில் ஒரு கல் பெயர்வதைக் கண்டு அஞ்சுதல் தீமையன்று.

போதகர்கள் கேட்டுப் பதிந்தவற்றுள் படகரின் சாவுச் சடங்கு தனிச்சிறப்புடையது. இறந்தவர் உடலருகே நின்று பெரியவர் ஒருவர், அவரும் அவர் முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணி உரைப்பார். அவை நீங்குக என்று கூடியிருப்போர் வேண்டுவர். ஊர்வன உயிரைக் கொல்லுதலும் அயலான் நிலத்தெல்லையைக் கவர்தலும் அங்கே பாவங்களாகச் சொல்லப்படும். அயல்நாட்டிலிருந்து பாவ அறிக்கையைக் கற்பிக்க வந்தவர், அதற்குரிய சொற்களுடன் அது முன்னரே அங்கு நிற்பதைக் கண்டனர். கடவுள் நமக்கு முன்னரே அம்மலையேறி இருந்தார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை.

1890-இல் மங்களூர் பாசல் மிஷனார் படகு மொழியில் நற்செய்தி நூல் ஒன்றை அச்சிட்டனர். தனக்கென எழுத்தில்லாத மொழி அச்சேறியது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் செர்மானியப் போதகர்கள் பணியை இழந்தனர். அவர்கள் வளர்த்த சபைகள் பிறர் பொறுப்பில் வாழ்ந்தன. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. இன்று அச்சபைகள் கோயமுத்தூர்த் திருமண்டலத்தைச் சார்ந்துள்ளன.

இருப்புப்பாதை

மூன்றாம் தொடர்பு இரும்பாலானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், குன்னூரிலிருந்து உதகைக்கு 1908-இலும் மலை இரயில் ஓடத் தொடங்கிற்று. கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமையாதலின், தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை கொண்ட இரும்புச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றன் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக நிற்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறும். ஒரு பல் விடுபடும்போது மறுபல் பிடித்துக் கொண்டிருக்குமாதலால் வண்டி பின்னோக்கி வழுவுவதில்லை. இம்முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். இப்பாதையிற் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்களும் அந்நாட்டு விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை.

குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவதால் பற்சட்டம் இல்லை. வெலிங்டன், அரவங்காடு என்னும் நிலையங்களைக் கடந்து வண்டி கேத்தி நிலையத்தை அடைகின்றது. சன்னல் வழியே பள்ளத்தாக்கு முழுதும் விரிந்து தோன்றும் இடம் அது. 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ மன்றம் இவ்விருப்புப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுடன் சேர்த்தது.

காணத்தக்க இடங்கள்

கேத்தியைக் காண விரும்புவார் முதலிற் காணவேண்டுவது பழைய ஊரையே. இப்போது பல வீடுகள் மாடி வீடுகளாகிவிட்டன. ஆயினும் வரிசை முறை முற்றும் அழியவில்லை. சரிவின் குறுக்கே வீடுகள் ஒரே மட்டத்தில் ஒட்டி நிற்கும். முன்னே தானியம் உலர்த்தவும் கூடிப் பேசவும் உரிய நீண்ட முற்றம் இருக்கும். பழைய வீட்டின் உட்பகுதியில் பாலுக்கென்றே தனியறை ஒன்றுண்டு. அதனைத் தூய இடமாகக் கருதுவர். தை மாதத்தை ஒட்டிய எத்தையம்மன் விழாவின்போது வெள்ளுடை உடுத்த மக்கள் திரண்டு செல்லும் காட்சி, பச்சை மலைமேல் கொக்கினம் இறங்கினாற் போல் இருக்கும்.

அடுத்துக் காணத்தக்கது பாசல் மிஷனார் பணியாற்றிய இடமும் தேவாலயமும். அம்மிஷனின் பணி வழிவந்த திருச்சபையின் சார்பில் 1998-இல் பொறியியற் கல்லூரி ஒன்றும் கேத்தியில் தொடங்கப்பட்டது.

மலைச்சரிவில் மணிக்கூண்டுடன் விளங்கும் லெய்ட்லா நினைவுப் பள்ளி மூன்றாவது. பிரீடன் என்னும் போதகர் ஆதரவற்ற ஆங்கிலோ இந்தியச் சிறார்க்கென 1914-இல் கோடைக்கானலில் தொடங்கிய புனித ஜார்ஜ் இல்லம், 1922-இல் கேத்திக்கு மாற்றப்பட்டது. அதுவே இப்பள்ளியாக வளர்ந்தது. நான்காவது, 1949-இல் கேத்தியை அடுத்த எல்லநள்ளியில் தோன்றிய ஊசித் தொழிற்சாலை. நம் வீட்டுத் தையற்பெட்டியிலுள்ள ஊசி மலைமேற் பிறந்ததாயிருத்தல் கூடும் என்பதை அறிந்தார் சிலரே.

2009-ஆம் ஆண்டின் பெருமழை

இவ்வழகனைத்தும் எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றன என்பதை ஓர் இரவு காட்டிற்று. 2009 நவம்பர் 10-ஆம் நாட் காலையில் அளந்தபோது, கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. கோவை நகரில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையினும் இது மிகுதி. மண் சரிந்தது; வீடுகள் புதைந்தன; சாலைகளும் இருப்புப்பாதையும் அறுந்தன. நீலகிரி மாவட்டத்தில் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கேத்தியைச் சூழ்ந்த ஊர்களில் இழப்பு மிகுந்தது.

மழை மிகுந்தமை இயற்கை. ஆனால் சரிவு முழுவதும் இயற்கை என்று கூறிவிடுதல் பொருந்தாது. மலை மடிப்புகளிலுள்ள சோலைக்காடு நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல விடுவது. அது அழிந்த இடத்தில் நீர் மண்ணுட் புகுந்து, பாறைக்கும் மண்ணுக்கும் இடையே வழுக்குப் படுகையை உண்டாக்குகின்றது. சரிவின் அடியை வெட்டிச் சாலையும் கட்டடமும் அமைத்தால் மேல்மண்ணிற்கு ஊன்றுகோல் இல்லாமற் போகின்றது. நீரோடிய பழைய ஓடைகளை மறித்து வீடு கட்டினால், நீர் தன் பழைய வழியைத் தேடி வந்தே தீரும். பண்டைய படகர் எவ்விடத்தில் ஊர் அமைத்தனர், எவ்விடத்தை விடுத்தனர் என்பதை இன்றைய பொறியாளர் சென்று நோக்குவது நலம். அவர்களிடம் நிலநூல் இல்லை. பல தலைமுறையின் நினைவு இருந்தது.

முடிவுரை

அந்நினைவே இன்று அழியும் நிலையில் இருப்பது. படகு மொழியைக் கன்னடத்தின் கிளையெனக் கொண்டு மக்கட் கணக்கெடுப்பில் கன்னடத்தின் கீழ் அடக்குகின்றனர். தனி மொழியெனக் கொள்ளுதற்குரிய இயல்புகள் அதற்கு உண்டென மொழிநூலார் பலர் காட்டியுள்ளனர். 1992-இல் ஹாக்கிங்ஸ் என்னும் அறிஞர் மற்றொருவருடன் சேர்ந்து பெரிய படகு அகராதி ஒன்றை வெளியிட்டார். எனினும் அகராதியில் அடங்கியது மொழியின் ஒரு பகுதியே. எந்த ஓடை எந்த மாதத்திற் பெருகும், எந்த மேட்டிற்கு யார் பெயர், எந்தக் கல்லின்மேல் ஊர்க்கூட்டம் இருந்தது என்பன முதியோர் வாயில் மட்டும் வாழ்கின்றன. அவர்தம் பேரப்பிள்ளைகளுட் பலர் இன்று கோவையிலும் பெங்களூரிலும் கல்வியும் தொழிலும் நாடி வாழ்கின்றனர். நம் வகுப்புகளிலேயே அவர்கள் நம்முடன் அமர்ந்திருக்கின்றனர்.

கேத்தியைத் தம் நாட்டின் சாயலாக நோக்கியவர் பலர். ஆங்கிலக் கவர்னர் அதனைத் தம் நாட்டு வயலாக்க முயன்றார். ஆறாண்டில் அம்முயற்சி ஒழிந்தது. பெருமக்கள் கட்டிய மாளிகை கை மாறிக்கொண்டே சென்றது. நிலைத்து நின்றவை, அம்மண்ணின் இயல்பறிந்து பேணப்பட்ட செடியும், அம்மக்கள் மொழியறிந்து செய்யப்பட்ட தொண்டும், அம்மலையின் ஏற்றமறிந்து அமைக்கப்பட்ட பாதையுமே. பெரோத்தே, மெட்ஸ், ஆப்ட் ஆகிய மூவரும் கேத்தியைச் சுவிட்சர்லாந்து என்று கொண்டாடியதால் நினைக்கப்படுவாரல்லர். மலையை மலையாகவும் மக்களை மக்களாகவும் கண்டு அதற்கேற்பத் தொழில் செய்தமையால் நினைக்கப்படுகின்றனர்.

ஆகவே மாணவ நண்பர்காள், விடுமுறையில் மலையேறுவோர் கேத்தி நிலையத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மீள்வதோடு அமையாதிருப்பீராக. அவ்வூர் நண்பர் ஒருவருடன் ஹட்டிக்குச் சென்று, முதியோரை வணங்கி, ஓர் ஓடையின் பெயரையேனும் ஒரு மேட்டின் பெயரையேனும் கேட்டு எழுதி வாருங்கள். அவ்வாறு நூறு பெயர்கள் இம்மலரின் பக்கங்களில் ஆண்டுதோறும் சேருமாயின், கேத்தியின் வரலாற்றை இரவற்பெயரின்றி எழுதுதற்கு வேண்டிய முதல் நம்மிடம் இருக்கும். அதனை எழுதும் உரிமை அம்மலை மக்களுக்கே முதன்மையாக உரியது. துணைநிற்கும் கடமை, அவர்தம் மொழிக்கு உடன்பிறந்த மொழியைப் பயிலும் நமக்கு உரியது.